கலரியின் மேல்வரிசை

மச்சான்,

இன்று காலையில் மைதானத்துக்குள் கால் வைத்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. மழையில் ஊறிய தென்னம்பலகை, அதன்மேல் அவசரமாக அடித்த நீலப் பெயின்ற், கீழே வாவிச் சேறு. அப்படியே நின்றுவிட்டேன். "என்ன அண்ணே, சுகமில்லையா?" என்று மனேஜர் கேட்டார். லீக்கை நடத்த வந்த கொழும்பு ஆள், மரியாதை தெரிந்த பிள்ளை. சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? நீ விழுந்த இடத்தில் நிற்கிறேன் என்றா?

கலரி கட்டுகிறார்கள், மச்சான். சனம் இருந்து உதைபந்து பார்க்க, படிப்படியாகப் பலகை அடித்து. அதே வாவிக்கரை மைதானம், அதே மண், அதே மாரி.

உனக்கு விஷயம் தெரியாது அல்லவா. ஊருக்கு உதைபந்து லீக் வந்திருக்கிறது. பெரிய லைற் வெளிச்சத்தில் ஆட்டம், ரீவியில் நேரடி ஒளிபரப்பு. நாளைக்குத்தான் தொடக்க நாள், கூத்து, நடனம், மேளம் என்று ஒரே அமர்க்களமாக இருக்கும். விளையாடுகிற பெடியன்களுக்கு சீசன் முழுக்கச் சம்பளம். மேளம் அடிப்பவருக்கும் சம்பளம், அறிவிப்பாளருக்கும் சம்பளம். அறிவிப்பாளர் வேறு யார், நான்தான். சிரிக்காதே. இந்த நரைத்த தலைக்கு முதன்முதலாக மாதச் சம்பளம்.

நாம் இருவரும் இந்த வாயை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் பிழைத்தோம்! கதிரவெளியில் இறுதி ஆட்டம், அமிர்தகழியில் திருவிழாக் கூத்து, காத்தான்குடியில் புதுப் புடைவைக்கடை திறப்பு. எங்கே மைக் இருக்கிறதோ அங்கே நாம். ஆட்டம் முடிந்தால் சோற்றுப் பார்சல், திருவிழா முடிந்தால் பிரசாதம், கடை திறந்தால் சேட்டுத் தைக்க ஒரு துணி. என் கலியாணப் பதிவில் பதிவாளர் ஐயா பேனையைத் திறந்து, "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?" என்று கேட்டார். சாட்சிக்கு வந்த நீ முந்திக்கொண்டாய். "கத்துறது ஐயா. நல்லாக் கத்துவான்." மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர் சாகும்வரை மாறவில்லை.

ஆனால் அந்தப் பகிடிக்குள் ஒரு எரிச்சலும் இருந்தது. நம் காலத்தில் இடது பக்கத்தால் காற்றாய் ஓடியவன் கட்டாரில் சீமெந்து சுமக்கிறான். கூத்தில் ராசா வேசம் கட்டினால் ஊரே எழுந்து நிற்குமே, அவன் ஓட்டோ ஓட்டுகிறான். "பாக்கிறதுக்கு ஊரே வரும் மச்சான். அடுப்பெரியுதா எண்டு கேக்க ஒருத்தனும் வரமாட்டான்" என்று நீ அடிக்கடி சொல்வாய்.

என் மகளுக்கும் அதே கதிதான். நத்தார்ப் பண்டிகை வந்தால் உன் வீட்டுக் கேக்குக்காக உன் சாரத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள் அவள். நடனம் படித்தாள். பட்டமும் வாங்கினாள். வேலை தா என்று மற்றப் பட்டதாரிகளோடு தெருவோரம் வெயிலில் குந்தியிருந்தாள். கடைசியில் ஒரு புடைவைக்கடையில் துணி மடிக்கப் போனாள். இப்போது அவளுடைய குழுவை லீக்காரர் சீசன் முழுவதற்கும் எடுத்திருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த அன்று சமையலறையில் அகப்பையைப் பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு வெகு காலம்.

இனி அந்த மேல்வரிசை வழக்கத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

நம் பக்கத்து மைதானங்களில் கலரி கட்டிய ஆட்களின் வீட்டார்தான் முதலில் ஏறுவார்கள். மேல்வரிசை அவர்களுக்கு. ரிக்கற் இல்லை. பெண்சாதி, பிள்ளைகள், மாமியார், கடலைச் சுருள், தண்ணீர்ப் போத்தல் என்று ஒரு குடும்பமே ஏறி இருந்து இடம் பிடித்த பிறகுதான் நாம் மைக்கில் வாசலைத் திறக்கச் சொல்வோம். ஓசியில் ஆட்டம் பார்க்கக் கிடைத்த சலுகை என்றுதான் எல்லோரும் அதை எண்ணினார்கள். நானும்தான். நீ பறங்கியர் வீட்டுப் பிள்ளை, அப்பாவின் தச்சுப் பட்டறையில் மரத்தூளுக்குள் தவழ்ந்தவன். "சலுகையுமில்ல மண்ணுமில்ல. கட்டினவன் தன்ட புள்ளய ஏத்துறானா எண்டு பாரு. அதுக்குப் பொறகு ஊரான் புள்ளய ஏத்து" என்பாய்.

அன்றைக்கும் மாரி தொடங்கியிருந்தது. இறுதி ஆட்டம். வாசலுக்கு வெளியே சனம் நெரிந்துகொண்டு நின்றது. மேல்வரிசை காலி. "கலரி கட்டின ஆக்கள், உங்கட வீட்டாக்கள் எங்க?" என்று மைக்கிலேயே கேட்டாய். பெண்சாதிக்குக் காய்ச்சல் என்றான் ஒருவன். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றான் மற்றவன். "என்னடாப்பா, ஒரே நாளில எல்லார் வீட்டயும் வருத்தமா?" என்று சிரித்தாய். சனமும் சிரித்தது. பிறகு நீ சிரிக்கவில்லை. வாசல் திறக்க ஏலாது என்று சொல்லிவிட்டாய்.

அப்பப்பா, அந்தக் கூச்சல்! ஒரு செருப்பு பறந்து வந்து உன் தோளில் பட்டது. ஆட்டத்தை நடத்தியவர் வந்து முதலில் கெஞ்சினார், பிறகு உனக்கு இனி எங்கும் மைக் கிடையாது என்றார். "அப்ப நானே ஏறிப் பாக்கன்" என்று மைக்கை என் கையில் தந்தாய். கரண்ட் அடிக்கும் என்று அதில் நீ எப்போதும் சுற்றிவைக்கும் கைக்குட்டை ஈரமாக இருந்தது. ஒவ்வொரு படியாக உதைத்து உதைத்து ஏறினாய். மேல்வரிசையில் நின்று எனக்குக் கை காட்டினாய். பிறகு குதித்தாய்.

பலகை முறியவில்லை. கால்கள் மண்ணுக்குள் இறங்கின. மாடு படுப்பதுபோல முழுக் கலரியும் வாவிப் பக்கமாகச் சரிந்து படுத்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. வாசல் கம்பியைப் பிடித்தபடி சனம் வெளியே நின்றது. செருப்பால் எறிந்தவனும் அங்கேதான் நின்றான், அவன் தோளில் அவனுடைய மகன் இருந்தான்.

ஆசுபத்திரியில் இருந்து நீ திரும்பி வரவில்லை. உன்னைப் புதைத்த அன்று சேமக்காலை கொள்ளாத சனம். உன் அம்மா ஒருவரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

இன்றைய கலரிக்குக் கால்கள் இரும்புக் குழாய். கண்ணுக்கு வடிவாகத்தான் இருக்கிறது. குழாய்களுக்கு அடியில் பலகைத் துண்டுகள் வைத்திருக்கிறார்கள். வாவிப் பக்கத்தில் அந்தத் துண்டுகளைக் காணவே இல்லை, சேறு விழுங்கிவிட்டது. கட்டும் வேலைக்குப் பொறுப்பான பாஸ் நம் பக்கத்து மனிதர்தான். வெற்றிலை கொடுத்து, சும்மா கதைப்பது போலக் கேட்டேன்.

"நாளைக்கு வீட்டாக்களும் வருவாங்கதானே பாஸ்? மேல்வரிசை உங்களுக்குத்தானே."

அவர் வெற்றிலையை வாயில் போடாமல் கையில் மடித்தபடியே நின்றார். "இல்லண்ண. புள்ளக்கிக் காய்ச்சல்."

மச்சான், அதே காய்ச்சல். பக்கத்தில் கம்பி முறுக்கிக்கொண்டு நின்றவனைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவே இல்லை. "எங்கட வீட்டயும் சுகமில்லண்ண" என்றான், நிமிராமல்.

மனேஜரிடம் போனேன். உன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இஞ்சினியர் பார்த்திட்டார் அண்ணே. நீங்க டென்ஷன் ஆகாதீங்க. மைக்கப் பிடிச்சு ஜாலியா பேசுங்க" என்றார். மழை விடும்வரை தள்ளிவையுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தள்ளினா லீக்கையே வேற ஊருக்குக் கொண்டுபோயிருவாங்க. அப்புறம் உங்க பிள்ளைகளுக்கு இங்க என்ன வேலை இருக்கு, சொல்லுங்க?" அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மகள் சலங்கைக்குப் புது நாடா கோத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஆடி முடிஞ்சதும் நாங்க எல்லாரும் கலரியில முன்வரிசையில இருக்கணுமாம். கமெராவுக்கு வடிவா இருக்குமாம்" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சலங்கையை மடியில் வைத்தாள்.

"இதயும் கெடுத்துப் போடாதீங்கப்பா. எனக்கு மறுகா துணி மடிக்கப் போக ஏலா."

"சரி புள்ள, நீ ஆடு. ஆடி முடிச்சதும் நேரா வீட்ட வந்திரு."

"மத்தப் புள்ளைகள் அங்க இருக்க, நான் மட்டும் ஓடி வாறதா?"

அதற்குப் பதில் உன்னிடம் இருந்திருக்கும். அதனால்தான் முற்றத்தில் மழை இரைய, பின்னேரத் தேத்தண்ணீர் ஆறிக்கிடக்க, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் கைக்குட்டை என்னிடம்தான் இருக்கிறது. எத்தனை முறை தோய்த்தும் அதில் துருப்பிடித்த மைக்கின் கறை போகவில்லை. எந்த மேடையிலும் அதைச் சுற்றாமல் நான் மைக்கைத் தொட்டதில்லை. கரண்டுக்குப் பயந்து என்று எல்லோருக்கும் சொல்வேன்.

நாளை பின்னேரம் வாசலில் சனம் நெரியும். மேல்வரிசை காலியாக இருக்கும். மைக் என் கையில் இருக்கும். லீக்காரர் வயரைப் பிடுங்குவதற்கு முன்னால் கேட்டுவிடுவேன், ஊர் முழுக்கக் கேட்க: "கலரி கட்டின ஆக்கள், உங்கட வீட்டாக்கள் எங்க?" பாஸுக்கும் அந்தக் கம்பிக்காரனுக்கும் தலை நிமிராது. சனம் அதைப் பார்க்கும். அதன் பிறகு லீக் போகும், என் சம்பளம் போகும், பெடியன்களின் சம்பளமும் போகும். செருப்பும் வரும். தோளைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

மகள் இனி என்னோடு பேசமாட்டாள். பேசாமல் இருக்கட்டும், மச்சான். வீட்டுக்குள் இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.