ஞாயிறன்று வீடு திரும்பும் இன்ஜின்

என் கண்ணான மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்குக் கை நடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, எனக்கு வயிற்றெரிச்சலைத் தவிர வேறு வியாதி இல்லை, அதற்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மருந்து கிடைத்துவிடும். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லையென்றால் வாயில் வரக்கூடாதது வந்துவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கல்யாணத்தன்று நம் பழைய கார் மேம்பாலத்து ஏற்றத்தில் உன்னை உட்கார வைத்துக்கொண்டே நின்றுபோனதே, நினைவிருக்கிறதா? நீ இறங்கி, உன் சித்தப்பா வைத்திருக்கும் அதே மாடல் காரில் ஏறிப்போனாய். அவர் அத்தனை பேர் முன்னாலும் “அண்ணனுக்குக் கை போயிடுச்சு, இனிமே பஸ்ஸுல போகச் சொல்லுங்க” என்று சிரித்தார். அன்றைக்கு ஆணியில் மாட்டிய சாவியை அப்பா திரும்ப எடுக்கவேயில்லை. அதற்கு முன் இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுத்துத் தரும் பம்பை நாலு தடவை மாற்றிப் பார்த்திருந்தார், எதுவும் சரிவரவில்லை, தனக்குத்தான் மெக்கானிக் தொழில் மறந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். மூன்று வருஷமாக ஜன்னலோரம் உட்கார்ந்து மற்றவர்கள் வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன மாதம் நானே பானெட்டைத் திறந்து, பம்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பழைய கார் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னிடம் “காரோட பேரு, வருஷம் எல்லாம் வேண்டாம்மா, இன்ஜின் நம்பர் சொல்லுங்க” என்றார். சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாரே, கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். கடைக்காரர் எடுத்து வைத்த பம்பும் நான் கொண்டுபோனதும் ஒன்றே. ஆனால் நம் பழைய பம்பின் லீவரைத் திருப்பிப் பார்த்தவர், தேய்மானம் நுனியில் மட்டும்தான் இருக்கிறது என்றார். இன்ஜினுக்குள் சுற்றும் கேம் அந்த லீவரை முழுசாகத் தள்ளினால்தான் பம்பு பெட்ரோலை இழுக்குமாம், இது தொட்டும் தொடாமலும் போகிறதாம். “சமதளத்துல ஓடும், மேட்டுல மூச்சு வாங்கும். உங்க இன்ஜினுக்கு நீள லீவர் பம்பு வேணும். நீங்க சொன்ன நம்பர் தப்பு, துடைச்சுப் பாருங்க” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, எங்கள் நம்பரை எங்களுக்கே சொல்லித் தருகிறாரா என்று விறுவிறுவென வீட்டுக்கு வந்தேன்.

மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்து, இன்ஜினில் நம்பர் பொறித்த இடத்தை அரை மணி நேரம் தேய்த்தேன். நம்பர் நம்முடையது இல்லை! இரண்டு காரையும் அப்பாதானே பதிவு செய்தார், சித்தப்பா காரின் பதிவுப் புத்தக நகல் பீரோவில் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிசகாமல் அந்த ஆளுடைய இன்ஜின். உன் கல்யாணத்துக்கு முந்தி அப்பா நெஞ்சு ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது “வாசல்ல கிடந்தா எலி ஒயரைக் கடிச்சிடும் அண்ணி, என் ஷெட்ல பத்திரமா இருக்கட்டும்” என்று நாற்பது நாள் வைத்திருந்தாரே, அப்போது மாற்றியிருக்கிறார். அதற்கு முன் புகை கக்கியது அவர் வண்டி, அதற்குப் பின் கக்கியது நம் வண்டி, சும்மா கிடந்ததால் என்று நாமும் நம்பினோம். உன் அப்பா ஒரு தடவை குனிந்து நம்பரைப் பார்த்திருக்கலாம். தன் இன்ஜினை யார் சந்தேகப்படுவார்கள்?

இனிதான் எனக்கு இனிக்கிற சேதி. திருடத் தெரிந்தவருக்கு லீவர் நீளம் தெரியவில்லை. வெளியே பார்த்தால் இரண்டு பம்பும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம், போல்ட் ஓட்டையும் ஒன்றே. தன் பதிவுப் புத்தகத்து நம்பரைச் சொல்லி நீள லீவர் பம்பாக வாங்கி நம் இன்ஜினில் மாட்டுகிறார், அது அளவுக்கு மேல் மிதிபட்டு லீவர் முறிகிறது, அல்லது உள்ளே டயாப்ரம் என்கிற ரப்பர் சவ்வு கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. போன வாரம் அவரே போன் பண்ணி “மூணு மாசத்துக்கு ஒண்ணு போகுது அண்ணி, நல்ல பம்பு எங்க கிடைக்கும்னு அண்ணனுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். நான் தேனொழுகப் பேசினேன், கரெக்டான பம்பு என் கையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டு வாருங்கள், நானே மாட்டித் தருகிறேன் என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. பம்பு அந்த இன்ஜினுக்குத்தான், மாட்டப்போவதும் அந்த இன்ஜினில்தான், ஆனால் இன்ஜின் திரும்பிப் போகாது. இன்ஜினைத் தூக்கி மாற்றச் சங்கிலிக் கப்பியும் இரண்டு ஆட்களும் சொல்லியாயிற்று. கடைக்காரரையும், அன்றைக்கு மேம்பாலத்தில் கூடச் சிரித்த சொந்தக்காரர்களையும் டிபனுக்கு அழைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் நேற்றுதான் சொன்னேன். எப்போதும் போல் “விடு, தம்பிதானே” என்பார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் துணியால் துடைத்தார், “கேட்டுக்குப் பூட்டு இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், பேத்திக்கு என் முத்தம். சித்தப்பா மகளிடம் ஞாயிறு வரை வாயைத் திறக்காதே, உனக்குத்தான் ஒரு ரகசியமும் தங்காது. அன்று பத்து மணிக்கு வீடியோவில் வா. பானெட்டைத் திறந்ததும் அப்பா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு நம் நம்பரை ஒப்பிப்பார். உன் சித்தப்பா கண்ணைத் திறந்துகொண்டு, தன் வண்டி இன்ஜினில் பொறித்திருக்கும் நம்பரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் வாடை போகாத கையோடு,
உன் அம்மா