இரண்டு வீட்டுக் கோடி

சம்பந்தி,

எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் எழுத்து வகுப்பு நடக்கிறது. படிக்க வருகிறவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள். போன வாரம் டீச்சர் பலகையில் 'கோ' எழுதிக் காட்டினார். முன்னால் இரட்டைக் கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் 'க'. பெண்ணை நடுவில் நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் சம்பந்திகள் நிற்பதுபோல இருந்தது எனக்கு. கோழி எழுதினேன், கோயில் எழுதினேன். அடுத்த சொல்லை எழுத்துக்கூட்டினேன். கோ, டி. கோடி. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கோடி என்றால் நூறு லட்சம், அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று டீச்சர் கேட்டார். எனக்குத் தெரிந்த கோடி துணி, அதுவும் இரண்டு விதமான துணி என்றேன். அதற்குமேல் அவரிடம் விளக்கத் தெரியவில்லை. உங்களிடம் சொன்னால் விளக்கவே வேண்டாம். அதனால்தான் இந்த மடல். நான் எழுதும் முதல் மடல் இதுதான். உட்கார்ந்தால் ஒரு பத்திதான் வருகிறது, அதுவும் அழித்து அழித்து. உங்களுக்கு அவசரம் இருக்காது என்று தெரியும்.

நீங்களும் சம்பந்தியம்மாவும் ஜாசினில் எங்கள் வீட்டுக்குக் கல்யாணம் பேச வந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். என் மகனும் உங்கள் மகளும் எல்லாவற்றையும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். நமக்கு மிச்சமிருந்தது தேநீர் குடித்துவிட்டுத் தலையாட்டுவதுதான். காலையில் உங்கள் தேவாலயத்தில் தாலி, மாலையில் மண்டபத்தில் விருந்து. பாதிரியாரிடம் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. இவ்வளவு சுலபமாக ஒரு கல்யாணமா என்று நான் வியந்துகொண்டிருக்கும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "கோடி மட்டும் நீங்க எடுக்கணும் சம்பந்தி. நல்ல வெள்ளையா பாத்து எடுங்க. எங்க வழக்கம் லா, மாப்பிள்ளை வீட்டுலதான் எடுக்கணும்."

நான் பாதிதான் கவனித்தேன், தலையாட்டிவிட்டேன். கோப்பைகளை எடுக்க வந்த என் வீட்டுக்காரி அஞ்சலை அப்படியே நின்றுவிட்டாள். உங்கள் கார் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "பொண்ணு குடுக்க வந்த மனுஷன் கோடி எடுக்கச் சொல்லிட்டுப் போறாரு. யாருக்குங்க? எனக்கா, அந்தப் புள்ளைக்கா?"

எங்கள் வீட்டில் கோடி என்றால் இறந்தவர் மேல் போர்த்தும் புதுத் துணி. கல்யாணம் நிச்சயமான வீட்டில் அந்தச் சொல்லை வாயால் சொல்லமாட்டோம். நீங்களோ வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், வெள்ளை என்று வேறு சேர்த்து. எங்கள் பெண்கள் வெள்ளை கட்டினால் புருஷன் போய்விட்டான் என்று பொருள். வெள்ளைக் கோடி கட்டிய பெண் கழுத்தில் என் பிள்ளை தாலி கட்டுவதை நின்று பார்க்கமாட்டேன், நான் வரமாட்டேன் என்றாள் அஞ்சலை. அம்மா இல்லாமல் தாலியைத் தொடமாட்டேன் என்றான் மகன். பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது. கல்யாணம் அந்தரத்தில் நின்றது.

உங்களுக்குப் போன் செய்து, உம்பாய்க்கு வரச் சொன்னேன். கடலோரம் மீன் சுட்டுத் தரும் கடையில் உட்கார்ந்தோம். சாப்பிட்டு முடித்துக் கேட்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன், முடியவில்லை.

"சம்பந்தி, உங்க வீட்டுல கோடின்னா என்னா?"

"புதுத் துணி லா. கல்யாணச் சேலை. ஃபாதர் மந்திரிச்சுக் குடுப்பாரு, பொண்ணு கட்டிக்கும்."

"எங்க வீட்டுல அதப் பொணத்து மேல போடுவோம்."

கையிலிருந்த மீனை இலையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள். "அதையா நான் சம்பந்தியம்மாகிட்ட எடுக்கச் சொல்லிட்டு வந்தேன்" என்றீர்கள் மெதுவாக. பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். உங்கள் பாட்டன் நாகர்கோவில் பக்கம், என் பாட்டன் சேலம் பக்கம். இருவரும் இந்த நாட்டுக்கு ஒரே கப்பலில்கூட வந்திருக்கலாம். ஒரே சொல்லைத்தான் கொண்டுவந்தார்கள், உள்ளே வைத்திருந்த சாமான்தான் வேறு.

சொல் தீர்ந்தது, நிறம் தீரவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் வெள்ளை, முதல் நன்மை அப்பம் வாங்கும்போது வெள்ளை, பீடத்தின் முன் மணப்பெண்ணாக நிற்கும்போதும் வெள்ளை, அழுக்கில்லாமல் ஆண்டவர் முன் நிற்கிறோம் என்று அர்த்தம் என்றீர்கள். சிவப்புதான் மங்கலம் என்றேன் நான். "சிவப்புன்னா எங்களுக்கு ரத்தம். ஆண்டவர் பாடுபட்ட நாள்ல ஃபாதர் சிவப்புதான் போடுவாரு. அதக் கட்டிக்கிட்டா எம்பொண்ணு கல்யாணத்துக்கு வரணும்?" என்று கேட்டீர்கள். பதிலுக்கு நான் சத்தத்தைத்தான் கூட்டினேன்.

மீனில் ஏதும் குறையோ என்று கடைக்கார மலாய்ப் பெண்மணி, மக்சிக், வந்து நின்றார். நீங்கள் மலாயில் விவரம் சொன்னீர்கள். தான் தினம் ஐந்து வேளையும் வெள்ளை அங்கி போட்டுத்தான் தொழுவதாகவும், அதற்காகத் தினம் ஐந்து தடவை சாகிறோமா என்றும் அவர் கேட்டார். நீங்கள் மேசையைத் தட்டினீர்கள், ஜெயித்துவிட்ட மாதிரி. மக்சிக் இரண்டு அடி போய்த் திரும்பி வந்தார். ஆனால் தன்னை அடக்கம் செய்யும்போது சுற்றப் போவதும் வெள்ளைதான், அதனால் அந்த அம்மா பயப்படுவதிலும் தப்பில்லை என்று சொல்லிவிட்டு மீனைப் புரட்டப் போய்விட்டார். அவர் யார் பக்கம் பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு நீங்கள் இருவரும் தெங்கேரா தேவாலயத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அஞ்சலை உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. நீங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பேசினீர்கள். "உங்க வீட்டு அர்த்தத்த மாத்தச் சொல்லி நான் வரல சம்பந்தியம்மா. எங்க வீட்டு அர்த்தத்தக் கேளுங்க. கேட்டுட்டு அப்பறம் திட்டுங்க."

அஞ்சலை வந்தாள். சம்பந்தியம்மா பையிலிருந்து தன் கல்யாணச் சேலையை எடுத்து மேசைமேல் விரித்தார். பழைய வெள்ளைப் பட்டு, ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. அவர் அன்று கட்டியிருந்ததோ கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை. "இதக் கட்டிக்கிட்டுத்தான் இவரக் கட்டுனேன். வெள்ளை கட்டுனா புருஷன் போயிடுவான்னா இவரு எப்பவோ போயிருக்கணுமே. இன்னும் எங்கூட வம்பு பண்ணிக்கிட்டுத்தான் இருக்காரு" என்றார்.

அஞ்சலை சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. சேலையைத் தொட்டுப் பார்த்தாள், நெசவைப் பார்த்தாள், எந்தக் கடை என்று கேட்டாள். அப்போதே பாதி கல்யாணம் நடந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவள் அடுத்துச் சொன்னது உங்களுக்குத்தான் சோதனையாகப் போயிற்று. சேலையை நானே எடுக்கிறேன், வெள்ளையாகவே எடுக்கிறேன், ஆனால் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டிலிருந்து புதுத் துணி வெளியே போகாது என்றாள்.

உங்கள் முகம் மாறியது. அழுக்கில்லாத வெள்ளை என்று உம்பாயில் அவ்வளவு பேசியவர் நீங்கள். தேவாலயத்தில் உங்கள் அண்ணன் முன்வரிசையில் உட்காருவார், பீடத்தின் முன் மஞ்சள் என்றால் அவர் என்ன சொல்வார் என்பதும் உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் கோபமாகவே கேட்டீர்கள், மஞ்சள் வைப்பது சாமிக்கா என்று.

"சாமிக்கு இல்ல. துணிக்கும் இல்ல. அந்தப் புள்ளைக்கு வெக்கிறது" என்றாள் அஞ்சலை.

தேநீர் ஆறிப்போனது. பிறகு, "அப்ப வெய்யிங்க" என்றீர்கள். உங்கள் அண்ணன் அதற்காக ஒரு வருஷம் உங்களிடம் சரியாகப் பேசவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீங்கள் அதை ஒருநாளும் எங்களிடம் சொல்லவில்லை.

மூலையில் ஒரு பொட்டு வைப்பாள் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். அவள் நாலு மூலையிலும் வைத்தாள், முந்தானையில் தாராளமாக வைத்தாள். பாதிரியார் சேலையை விரித்து ஜெபம் சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தார். "மாப்பிள்ளை வீட்டு ஆசீர்வாதம், ஃபாதர்" என்றீர்கள். அவர் தலையசைத்துவிட்டுத் தீர்த்தம் தெளித்தார். முன்வரிசையில் யாரோ செருமினார்கள். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அஞ்சலையைத்தான் பார்த்தீர்கள். அவள் உங்கள் வீட்டுப் பெண்களைப் பார்த்துத் தானும் முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, எல்லாரையும்விட நேராக உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு நாம் எதைப் பற்றித்தான் வாதாடவில்லை? எங்கள் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றுவது, உங்கள் ஆட்கள் கோட்டு மாட்டிக்கொண்டு வேர்ப்பது, பேத்திக்கு எந்த நாளில் எந்த நிறம் என்பது. ஒவ்வொரு தடவையும் முதலில் கேட்பீர்கள், "உங்க வீட்டுல அதுக்கு என்னா அர்த்தம்?" முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் சண்டைக்கு வருவீர்கள். அதனால் உங்களோடு சண்டை போட ஆசையாக இருக்கும்.

சென்ற ஆண்டு உங்களைக் கோட்டும் சூட்டுமாகப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நன்றாகவே இருந்தீர்கள். சம்பந்தி வீட்டுக் கோடி போடுவது எங்கள் வழக்கம். அஞ்சலை அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, போடலாமா என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டாள். அவர் அழுதுகொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எந்தக் கோடி? உங்க வீட்டுதா, எங்க வீட்டுதா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான்" என்றாள் அஞ்சலை.

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், நடுவில் சிரிக்கவும் செய்தார்கள். உங்கள் மகள்தான் அந்தத் துணியை வாங்கி உங்கள் கால்மேல் சுருக்கமில்லாமல் விரித்தாள்.

இந்த மடலைத் தொடங்கிப் பல மாதம் ஆகிவிட்டது. இப்போது கையெழுத்துப் போடத் தெரிந்துவிட்டதால் என்னைக் கோயில் கமிட்டியில் சேர்த்திருக்கிறார்கள். போன மாதம் அன்னதானத்துக்கு வந்த சீக்கியர் ஒருவரைச் சந்நிதி வாசலில் நிறுத்தி, தலைப்பாகையைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சாப்பிடாமலே போய்விட்டார். சந்நிதியில் தலையில் துண்டுகூட இருக்கக் கூடாது, அது நம் முறை என்று கூட்டத்தில் பாதிப் பேர் வாதாடினார்கள். சாப்பிட வந்தவரை அப்படி அனுப்பலாமா என்றார்கள் மீதிப் பேர். அவர் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டீர்களா என்றேன். யாரும் கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவரையே அழைத்துக் கேட்கப் போகிறோம். எங்கள் அர்த்தத்தையும் அவரிடம் சொல்லப் போகிறோம். என்ன முடிவாகும் என்று தெரியாது.

கூட்டம் நீளும், எனக்குச் சந்தோஷமாக இருக்கும். உங்கள் பக்கத்தையும் நானேதான் பேச வேண்டியிருக்கிறது. பரவாயில்லை சம்பந்தி, நன்றாகவே பேசுகிறீர்கள்.