சம்பந்தி வீட்டுச் சாப்பாடு

அச்சங்குளம்
10.1.2025

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

செல்வலட்சுமியின் தாய் அய்யம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. போனில் பேசினால் உங்கள் வீட்டு ஐயாவுக்குத் தெரிந்து உங்களுக்குச் சங்கடம் வரும். அதனால் பூக்காரப் பாண்டிமீனாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் மகன் விக்னேஷ்வரன் உயிரோடு இருக்கிறார். ஊர்ப் பேச்சை நம்பாதீர்கள். பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும்போது தீப்பிடித்து இரண்டு கையும் வெந்துவிட்டது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். "அம்மாவுக்குச் சொல்லாதீக அத்தே, அழுதுக்கிட்டே கெடப்பாக" என்கிறார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. என் பெண்ணைக் கட்டியதால்தான் இந்த வேலைக்கு வந்தார் என்று நீங்கள் கோபப்பட்டாலும் நியாயமே.

இப்படிக்கு,
அய்யம்மாள்

மேலப்பட்டி
13.1.2025

அய்யம்மாளுக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் ஒளிந்து படித்தேன். உங்கள் தெருவில் பெண் எடுத்தான் என்று அவன் பேரைக்கூட இவர் சொல்ல விடுவதில்லை. விபத்து என்று கேள்விப்பட்டும் யாரிடம் விசாரிப்பது என்று தெரியாமல் கிடந்தேன்.

கை இப்படியிருக்க, எப்படிச் சாப்பிடுகிறான்? பசித்தாலும் வாய் திறந்து கேட்கமாட்டானே.

வெள்ளைத்தாய்

அச்சங்குளம்
20.1.2025

அம்மாவுக்கு வணக்கம்.

செல்விதான் ஊட்டுகிறாள். அவளுக்கு ஆறு மாதம், ரொம்ப நேரம் உட்கார முடியவில்லை. அப்போது நான் ஊட்டுவேன். முதல் நாள் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏன்யா, நான் ஒன்னப் பெத்திருந்தா திருப்புவியா?" என்றேன். பொலபொலவென்று அழுதுவிட்டார். இப்போது, "அத்தே, இன்னும் ஒரு வாய்" என்று கேட்டு வாங்குகிறார்.

தை வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்கு வருவீர்களாமே. அப்படியே இங்கேயும் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் கை நனைக்க வேண்டாம். கடையில் சோடா வாங்கி வைக்கிறேன்.

அய்யம்மாள்

மேலப்பட்டி
3.2.2025

அன்புள்ள மதினிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சோடாவை நீட்டிக்கொண்டு நீங்கள் நின்ற நிற்பு கண்ணிலேயே இருக்கிறது. அவனுக்கு நான் ஊட்டிய தட்டிலேயே எனக்கும் சோறு போடச் சொன்னதும் செல்வி திகைத்துப்போனாள். உங்கள் கருவாட்டுக் குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல். ஆனாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன் அல்லவா!

வீட்டில் ஒளிக்கவில்லை. "எங்க போயிட்டு வார?" என்றார். "சம்பந்தி வீட்டுக்கு. அங்கனயே சாப்பிட்டேன்" என்றேன். எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். பொழுது சாய வந்து, "அவனுக்குக் கை வெளங்குமா?" என்றார். விளங்கும் என்றேன். மருமகள் உண்டாகியிருப்பதையும் சொன்னேன்.

இன்று காலையில் காரைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அங்கன எந்தத் தெரு?"

"தண்ணித் தொட்டிக்குக் கெழக்க."

"காரு உள்ள வருமா?"

வரும் என்று சொல்லிவிட்டேன். வராவிட்டால் முக்கில் நிறுத்திவிட்டு இருவரும் நடந்தே வருகிறோம், ஞாயிற்றுக்கிழமை.

உங்கள் மதினி,
வெள்ளைத்தாய்