மஞ்சள் பூசிய வெள்ளைக் குட்டி

17.12.1989, ஞாயிறு
ராஜபாளையம்

நாய்க்குட்டியை வாங்க மதுரையிலிருந்து ஆள் வருவதாக என் வீட்டுக்காரர் நேற்றே சொல்லியிருந்தார். நான் மறக்கவில்லை. காலையில் பார்த்தால் அதன் காதோரம் சொறி. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவ உட்கார்ந்தேன்.

காதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வாசனை என்னை விடவில்லை. இதன் தாய் ராணிக்கும் மழைக்காலத்தில் இப்படித்தான் தடவுவேன். முதுகைக் காட்டிக்கொண்டு என் முந்தானையில் மூக்கைத் தேய்க்கும். எத்தனை முறை துவைத்தாலும் சேலையில் வேப்பெண்ணெய் வாசம் போகாது. அது செத்த பிறகு என் சேலைகளில் சோப்பு வாசம்தான். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே வால் வரைக்கும் தடவிவிட்டேன்.

வந்தவர் குட்டியைத் தொடவே இல்லை.

"பால் வெள்ளைன்னு சொன்னீங்க. இது சந்தன நிறமால்ல இருக்கு?"

"மருந்து தடவியிருக்கு. கழுவுனா போயிரும்," என்றார் இவர்.

"கறுப்புப் புள்ளி எதையாச்சும் மறைக்கத்தான் பூசுனீங்களோ, என்னமோ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவருக்குக் கோபம். "வெள்ளை நாய்க்கு எவளாச்சும் உடம்பு பூரா மஞ்சப் பூசுவாளா? வார ஞாயித்துக்கெழம சேத்தூர்ல இருந்து வேற ஆள் வாராக. அதுக்குள்ள சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி வையி."

சரி என்றேன்.

குட்டி இப்போது என் காலடியில் கிடக்கிறது. முந்தானையில் மூக்கைத் தேய்க்கிறது. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சொறி காதோரம் மட்டும்தான். குழைத்த மஞ்சள் இன்னும் மிச்சமிருக்கிறது. சனிக்கிழமைக்குள் முதுகுக்கும் வந்துவிடும்.