இரண்டு பிரேக் டிரம்

என்னைக் கட்டிக்கிட்ட மாமாவுக்கு,

நீங்க கண்ணை மூடி எட்டு மாசம் ஆச்சு. இத்தனை நாள் எழுத ஒண்ணும் இல்லை. இப்போ இருக்குது. உங்க மேல பழி போட்ட அந்த இன்ஜினியரை ஊர் பார்க்கத் தலைகுனிய வெச்சுட்டேன்.

நீங்க ஓட்டிச் சோதிச்ச அந்த ரகக் காரை வெச்சிருக்கிறவங்க எல்லாம் முந்தாநாள் மலை மேல செம்மேட்டுல கூடினாங்க. அதை உருவாக்கினவர்னு அவரைக் கூட்டிவந்து மாலை போட்டாங்க. எண்பதைத் தாண்டியிருப்பார், கையில் தடி. எனக்கு இரக்கமே வரலை. வரணுமா, மாமா?

"மாதிரிக்குச் செஞ்ச முதல் காருக்கும், வித்த காருக்கும் ஒரு நட்டுகூட வித்தியாசம் கிடையாது" என்றார் மைக்கில். எல்லாரும் கைதட்டினாங்க.

அந்த முதல் காரை இந்த மலைப்பாதையோட எழுபது வளைவிலும் ஏத்தி இறக்கினது நீங்கதானே? அதோட பின்சக்கரத்துல பிரேக் பிடிக்கிற இரும்பு டிரம் நல்ல அகலம். சூடு தணிய மேலெல்லாம் வரிவரியாத் தகடு நிற்கும். செலவைக் குறைக்க, வித்த காரில் தகடு எதுவும் இல்லாத மொழுக்கையான ஒல்லி டிரம்மைப் போட்டுட்டாங்க. "இறக்கத்துல சூடேறினா இது பிடிக்காதுங்க" என்று நீங்க எழுதிக் கொடுத்த தாளை அந்த மனுசன் கசக்கிப் போட்டதைச் சொல்லி அழுதீங்க.

வளப்பூர்க்காரர் ஒருத்தர் இறக்கத்துல பிரேக் பிடிக்காம அந்தக் காரோட உருண்டு செத்தார். விசாரணையில் இவர் என்ன சொன்னார்? "டெஸ்ட் டிரைவர் எங்ககிட்ட எதுவும் சொல்லலை." உங்க வேலை போச்சு. செத்தவர் சனம் உங்க மேல மண்ணை வாரித் தூத்துச்சு. அப்புறம் நீங்க ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

அவர் வர்றார்னு போஸ்டரில் பார்த்ததுமே, முதல் காரைப் பிரிச்சப்போ நீங்க கொண்டுவந்த டிரம்மைக் கட்டிலுக்கடியில் இருந்து இழுத்தேன். பஸ்ஸில் மடியிலேயே வெச்சுக்கிட்டுப் போனேன்.

அங்கே கார் வெச்சிருந்த ஒரு பொண்ணுகிட்ட, "கண்ணு, உன் காரோட பின்சக்கரத்தைக் கழட்டிக் காட்டுவியா?" என்றேன்.

"எதுக்குங்கம்மா?"

"இது உசுரு சமாச்சாரம், சாமி."

அங்கிருந்த மெக்கானிக் டிரம்மையும் கழட்டிக் கொடுத்தார். ரெண்டு டிரம்மையும் மேடை மேசையில் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். "இது முதல் காரோடது, இது வித்த காரோடது" என்றதும் சனம் மேடைகிட்ட நெருங்கிச்சு.

"நீங்க யாரும்மா?" என்றார் அவர்.

"நீங்க பழி போட்டீங்களே, அந்த டிரைவரோட பொண்டாட்டிங்க."

தடியை ஊணிக்கிட்டு என் பக்கம் வந்தார். "தனியாப் பேசலாம், வாங்க."

"பழி போட்டது எல்லார் முன்னாலதானுங்களே? இதையும் எல்லார் முன்னால சொல்லுங்க."

மைக்கை நானே அவர் வாய்கிட்ட பிடிச்சேன்.

"அவர் எழுதிக் கொடுத்தார். நான்தான் மறைச்சேன்."

அந்தப் பொண்ணு தன் காரை இனி இந்த மலையில் ஓட்டி இறக்க மாட்டேன்னு சொல்லி அதை ஏத்திப் போக லாரிக்குப் போன் போட்டா. அவர் பேசினதைப் போனில் பிடிச்சிருந்தா, அதை என் போனுக்கும் அனுப்பி வெச்சா.

கிளம்பறப்போ அவர் என்னைக் கும்பிட்டு, "மன்னிச்சிருங்கம்மா" என்றார். நீங்களா இருந்தா "உடுங்க சார்"னு சொல்லியிருப்பீங்க. நான் நம்ம டிரம்மைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டேன். திரும்பிப் பார்க்காம பஸ் ஏறினேன்.

நாளைக்கு வளப்பூர் போறேன், செத்தவர் ஊட்டுல அந்த இன்ஜினியர் பேசினதைப் போட்டுக் காட்ட. அந்த இன்ஜினியர் தான் சாகிற வரைக்கும் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பட்டும். உங்களுக்காகக்கூடத் தரமாட்டேன், மாமா. இது சத்தியம்.

உங்களுக்கு வாக்கப்பட்ட அத்தை மக,
பழனியம்மா
முள்ளுக்குறிச்சி