அம்மாவின் வெள்ளையணுவும் அப்பாவின் சாட்சியும்

கிழக்குத் தாம்பரம்
12.1.1998

அன்பு மகள் எப்சிபாவுக்கு,

இங்கே எல்லாம் நலம், என் மானத்தைத் தவிர.

நேற்று ஆலயத்தில், ஆண்டவர் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல எழுந்தேன். அம்மாவுக்கு லட்சத்துக்கு மேல் ஏறிக் கிடந்த வெள்ளையணு எட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டதே! "என் மனைவி ஞானசௌந்தரிக்கு வந்த இரத்தப் புற்றுநோய் போயே போச்சு!" என்றேன். மைக்கை விட மனசில்லை. போதகர் இருமிப் பார்த்தார். கடைசியில் பாட்டைத் தொடங்கச் சொல்லிக் கை காட்டினார். சபை பாட ஆரம்பித்தும் நான் பேசிக்கொண்டே இருந்தேனாம். "உங்களுக்கு இருக்கிறது வாயா, லவுட் ஸ்பீக்கரா?" என்று வீடு வரும்வரை அம்மா சிரித்தாள்.

அம்மா சாப்பிட்டு வந்த மாத்திரை தீர்ந்துவிட்டது. நோயே போன பிறகு எதற்கு என்று வாங்கவில்லை. டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், தலையாட்டினேன். என் எட்டாங்கிளாஸ் இங்கிலீஷ் அதற்குத்தான் உதவும். எடின்பரோவில் நீ இந்த நோயைத்தானே ஆராய்கிறாய்? அப்பா செய்தது சரி என்று ஒரு வரி எழுது.

உன் அப்பா,
ஏசுபாதம்

எடின்பரோ
24.1.1998

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் பார்த்ததும் எதிர்வீட்டு ஹாஜா மைதீன் மாமாவுக்குப் போன் போட்டு, "மாத்திரை, மாத்திரை" என்று கத்தினேன். லைன் அறுந்துவிட்டது. வாங்கினீர்களா? எனக்குத் தூக்கமே வரவில்லை.

கூடுவாஞ்சேரி மனையில் கோரையை அரிவாளால் அரிந்துவிட்டு, "எப்படி சுத்தம் பார்" என்று நிமிர்ந்து நின்றீர்களே, நினைவிருக்கிறதா? மழை பெய்ததும் என்ன ஆனது? கிழங்கு மண்ணுக்குள் அப்படியே இருந்தது. அம்மாவுக்கும் அதுதான். இரத்தம் எலும்பு மஜ்ஜைக்குள் உண்டாகிறது. அங்கே கொஞ்சம் தாய்ச் செல்கள் உண்டு. ஸ்டெம் செல் என்பார்கள். அதில் ஒன்று கெட்டுப்போய், அது பெற்ற பிள்ளைகள்தாம் அந்த லட்சம் வெள்ளையணுக்கள். மாத்திரை பிள்ளைகளை அடக்கும். தாய் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். தூங்குவதை மருந்து தொடாது. மாத்திரையை நிறுத்தினால் மறுபடியும் பெருகும். என்றைக்காவது நோய் இன்னும் முற்றிவிட்டால் இந்த மாத்திரைக்கும் அடங்காது.

மஜ்ஜையையே மாற்றலாம். ஆனால் அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே ஆள் வேதமாணிக்கம் மாமா. அவருடையது பொருந்தவில்லை என்றுதான் சொல்லிவிட்டார்களே. நமக்கு மாத்திரைதான் அப்பா.

அம்மாவைப் பயமுறுத்தாதீர்கள்.

எப்சிபா

கிழக்குத் தாம்பரம்
9.2.1998

அன்பு மகளுக்கு,

நீ போனில் கத்திய அன்றே வாங்கிவிட்டேன். ஹாஜா மைதீன் லுங்கியோடு ஓடி வந்து, "அண்ணே, பாப்பா மாத்திர மாத்திரன்னு கத்துது, இன்னா பண்ணி வச்சீங்க?" என்றார். அதற்குள் அணு இருபத்தெட்டாயிரம் ஆகியிருந்தது. டாக்டர் இந்த முறை தமிழிலேயே திட்டினார். நன்றாகப் புரிந்தது. இப்போது இறங்கி வருகிறது.

அம்மாவிடம் கோரை கதையை நானே சொன்னேன். "கெழங்கு உள்ள கீதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க மைக்கப் புடிச்சுகினு அவ்ளோ சந்தோஷமா நின்னீங்க, கெடுக்க மனசு வரல" என்றாள். அன்று ராத்திரி மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். 

போன வாரம் சபையிலிருந்து தனம் வந்தாள். "எங்க வூட்டுக்காரர் சக்கர மாத்திரையும் நிறுத்திடட்டுமா அண்ணா?" என்றாள். நிறுத்தவே கூடாது என்று வாசல்வரை போய்ச் சொல்லி அனுப்பினேன். நேற்று மறுபடியும் மைக்கைக் கேட்டேன். போதகர் கடிகாரத்தைக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். "நான் சொன்ன சாட்சி அவசர சாட்சி. நோய் போகவில்லை, அடங்கியிருக்கிறது. யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"நீங்களே ஜெபியுங்கள்" என்றார் போதகர். எல்லோரும் கண்ணை மூடினார்கள். பக்கத்தில் நின்ற அம்மாவின் முழங்கை என் மேல் இடித்துக்கொண்டிருந்தது. மருந்துக்காகவும் டாக்டருக்காகவும் உனக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லி, சுருக்கமாக ஆமென் போட்டேன்.

வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று உண்டு. ஆண்டவரே, அந்தத் தாய்ச் செல் தூங்கட்டும். எழுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், நான் போன பிறகு எழுப்பும்.

அப்பா