இரண்டு அட்டையிலும் உன் முகம்

அக்கா,

நேற்று பதுளைக் கடைவீதியில், புடவைக்கடைக்கு மேலே இருக்கிற வெளிநாட்டு வேலை ஏஜென்சிக் கந்தோரில், உன் குற்றத்தை மடித்து என் கையில் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு தாள். பொலிஸ் ரிப்போர்ட். சிங்களத்தில் நாலு வரி, கீழே ஒரு முத்திரை. ஏஜென்சிக்காரர் அதை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கீழே பக்கத்துத் தேத்தண்ணிக்கடையில் யாரோ புதுத் தூள் போட்டிருக்கிறார்கள். வாசம் படியேறி வந்தது. நல்ல தூளின் வாசம். தேயிலைத் தூள் ஆக்குகிற ஸ்டோரில் வேலை முடிந்து நீ லயத்து வீட்டுக்கு வரும்போது உன் முடியில் இருக்குமே, அதே வாசம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, உங்க பேர்ல களவுக் கேஸ் ஒன்னு இருக்கே. தேயிலை எடுத்தீங்களா?" என்று கேட்டார் அவர்.

உன் பெயரைச் சொல்லித்தான் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவள் நான். ஏனென்றால் உன் பெயரில் நான் உயிரோடு இருக்கிறேன். என் பெயரில் நீ செத்துப்போனாய்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷமாக மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிறாய், மகராசி. கேட்டுக்கொண்டிரு.

வெலிமடையிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா சொன்ன வாரம் உனக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். லுணுகலைக் கடையில் பிஸ்கட் வாங்கியாயிற்று, வாழைப்பழம் வாங்கியாயிற்று. தேத்தண்ணிக்கு மட்டும் தோட்டத்தில் நமக்குக் கொடுக்கிற அந்தக் கழிவுத் தூள். ஊற்றினால் செம்மண் தண்ணீர் மாதிரி இருக்கும். எனக்குப் பதினாறு வயது, வாய் நீளம். "நாள் பூரா நல்ல தூளச் சலிக்கிறவ நீ. வர்றவங்களுக்கு இந்தக் குப்பையவா ஊத்தப்போற? ஒரு கை அள்ளிக்கிட்டு வா" என்றேன். "போடி இவளே, வாசல்ல சோதிக்கிறாங்க" என்றாய். நான் விடவில்லை. உன் பாவாடை மடிப்புக்குள் ஒரு சின்னப் பை தைத்தேன். நல்ல தையல் என்று நீயே தடவிப் பார்த்துச் சிரித்தாய்.

அந்தப் பையைத் தைத்தது நான். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. நீயும் சொன்னதில்லை.

ஸ்டோர் வாசலில் உன்னைப் பிடித்தார்கள். வேறு நாளாக இருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். அந்த மாதம் மூட்டைக் கணக்கில் தூள் காணாமல் போயிருந்ததாம், தோட்டத்துத் தொரை கோபத்தில் இருந்தாராம். மூட்டையைக் கடத்தியவன் லொறியில் போனான். இரண்டு கைப்பிடி எடுத்தவள் பொலிஸ் ஜீப்பில் போனாள்.

கோர்ட்டுக்கு நான்தான் துணைக்கு வந்தேன். வெளியே வராந்தாவில் நின்ற ஒரு ஆள், வக்கீலின் ஆளோ யாரோ, நம்மைப் பார்த்ததும் தோட்டத்து ஆட்கள் என்று கண்டுகொண்டான். "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும் தங்கச்சி. இல்லைன்னா திகதி மேல திகதி போட்டு அலைய விடுவாங்க" என்றான். அவன் சொல்லாவிட்டாலும் நாம் அதைத்தான் செய்திருப்போம். விறகு வெட்டிப் பிடிபட்டாலும், குடித்துவிட்டு அடித்துக்கொண்டாலும், நம் ஆட்கள் கோர்ட்டில் செய்வது அது ஒன்றுதான். ஒத்துக்கொள்வது, பஸ் ஏறுவது, மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் நின்று பேர் போட்டுக்கொண்டு மலைக்குப் போவது. ஒரு நாள் வேலை போகக்கூடாது, அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த சட்டம். ஒத்துக்கொண்ட சொல்லை ஒரு புத்தகத்தில் எழுதி வைப்பார்கள், அது அழியாது என்று யார் நமக்குச் சொன்னார்கள்?

உள்ளே உன் பெயரைக் கூப்பிட்டபோது நான் எழுந்து நின்றேன். பை தைத்தது நான், அள்ளச் சொன்னதும் நான் என்று சொல்லிவிடத்தான் எழுந்தேன். நீ என் தொடையில் கிள்ளினாய். "வாயத் தொறந்த, கொன்னுருவேன். ரெண்டு பேரும் உள்ள போயிட்டா அம்மாவ யாரு பாக்குறது?" என்றாய். பிறகு முன்னால் போய்க் கூண்டில் நின்று தலையை ஆட்டினாய். தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. தண்டப் பணத்தோடு முடிந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை சாப்பிட்டாய். "விட்டுச்சுடி சனியன்" என்று சொன்னாய்.

எங்கே விட்டது?

வெலிமடைக்காரர்கள் வரவில்லை. வரப்போவதில்லை என்று சொல்லி அனுப்பவும் இல்லை. ஸ்டோர் வேலை போய், கொழுந்து எடுக்க மலையில் விட்டார்கள். அட்டைக் கடியோடு மழையில் நனைந்துகொண்டு இரண்டு வருஷம் ஓட்டினாய். அதற்குப் பிறகுதான் சைப்பிரஸ் நாட்டில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு ஏஜென்சியிலிருந்து தகவல் வந்தது. உன் முகத்தில் அன்றைக்குத்தான் திரும்ப ஒரு வெளிச்சம் பார்த்தேன். கேஸ் எதுவும் இல்லை என்று பொலிஸ் ரிப்போர்ட் வேண்டும் என்று சொன்னதும் அதுவும் அணைந்துபோனது. இரண்டு நாள் நீ சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னவளும் நான்தான். எனக்கு அப்போது பதினெட்டு. அடையாள அட்டை எடுக்கவில்லை. "என் பிறப்புப் பத்திரத்தக் கொண்டுபோய் நீ போட்டோ புடிச்சுக்க. எம்மேல கேஸ் இல்லல்ல?" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நீ என்னையே பார்த்தாய். "ஒனக்கு அட்டை வேணாமா?" என்றாய். "நான் எங்க போகப்போறேன்? இந்த மலைய விட்டா அந்த மலை" என்றேன். பெரிய தியாகி மாதிரிச் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம், அக்கா. கோர்ட்டில் வாய் மூடிக்கொண்டதை எப்படியாவது கழித்துவிட வேண்டும் என்ற பயம்.

தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா தலையைத் தூக்கிப் பார்க்காமலே அட்டை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்கு நாம் எல்லாரும் ஒரே முகம். நீ என் பெயரில் போட்டோ பிடித்து, என் பெயரில் பாஸ்போர்ட் எடுத்து, என் பெயரில் ப்ளேன் ஏறினாய். உன் பழைய அட்டையை என்னிடம் தந்து, "வெளிய போனா இதக் காட்டு. நம்ம மூஞ்சியில என்ன பெரிய வித்தியாசம்?" என்றாய். வடக்கில் சண்டை நடந்த காலம் அது. பதுளைக்குப் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்தி ஆளை இறக்கிப் பார்ப்பார்கள். சிப்பாய் அட்டையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், "இது நீதானா?" என்று சிங்களத்தில் கேட்பான். ஆமாம் என்பேன். நாளாக ஆக, ஆமாம் என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அது நான்தான் என்று ஆகிவிட்டது.

உன் கடிதங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. யாராவது பிரித்துப் பார்த்துவிடுவார்கள் என்று, என் பெயரில் கையெழுத்துப் போட்டு, உன் பெயருக்கு எழுதுவாய். 'அன்புள்ள அக்காவுக்கு' என்று என்னைக் கூப்பிடுவாய். நான் உனக்கு அக்காவாம்! முதல் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒன்றில் மட்டும் நீ எழுதியிருந்தாய்: 'அக்கா, இந்தக் கிழவி வீட்ல நம்ம நாட்டுத் தேயிலை இருக்கு. நல்ல தூள். நேத்து ஒரு கோப்பை ஊத்திக் குடிச்சேன். கொஞ்சம் கசப்பா இருந்துச்சு. இதுக்குத்தானா அக்கா இவ்வளவும்?'

அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு, மற்றதுக்கெல்லாம் பதில் எழுதினேன்.

மூன்றாம் வருஷம் மாரிக்காலத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே நேரம் கடந்துவிட்டதாம். தோட்டத்து ஆபீஸுக்குத் தந்தி வந்தது. கிளாக்கர் ஐயா வாசித்தார். இறந்தவர் பெயர் என்று என் பெயரை வாசித்தார். நான் அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பெட்டி வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. கூடவே உன்னை அனுப்பிய ஏஜென்சிக்காரரும், கொழும்பிலிருந்து ஒரு அதிகாரியும் வந்தார்கள். ஆள் மாறாட்டம் தெரிந்தால் அம்மாவையும் என்னையும் உள்ளே போடுவார்கள், பெட்டியையும் கொடுக்க மாட்டார்கள் என்று லயத்தில் பெரியவர்கள் பேசி முடிவெடுத்தார்கள். செத்தவள் வீட்டில் நடமாடக்கூடாது. நான் உள் காம்பராவில், விறகுக்குப் பக்கத்தில், சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை, அக்கா. வாசலில்தான் இருந்தாய். பத்தடி தூரம் இருக்கும். நான் வரவில்லை.

அம்மா ஒப்பாரி வைத்தாள். பேரைச் சொல்லித்தானே அழ வேண்டும்? என் பெயரைச் சொல்லி அழுதாள். என் குழந்தைப் பருவத்தைச் சொல்லி, நான் தத்தி நடந்ததைச் சொல்லி அழுதாள். இடையில் அடக்க முடியாமல், "எந் தலப்புள்ளயே, என்ன மொதல்ல அம்மான்னு கூப்பிட்டவளே" என்று கத்திவிட்டாள். சுற்றியிருந்த பெண்கள் உடனே ஒரேயடியாகக் குரல் எடுத்து மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்தில் அம்மாவின் சொல் மறைந்துவிட்டது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டத்தில் எல்லாருக்கும் இது தெரியும். இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உன் குழிமேல் நட்ட பலகையில் என் பெயர் இருக்கிறது. மழையில் கரைந்து இப்போது பாதிதான் தெரிகிறது. நான் போய்ப் பூ வைக்கும்போது எனக்கே வைத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். முதலில் பயமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

உன் பெயரில்தான் கல்யாணப் பதிவு செய்தேன். உன் பெயரில்தான் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றேன். நர்ஸ் உன் பெயரைக் கூப்பிட, இடுப்பு வலியோடு "இங்க இருக்கேங்க" என்றேன். மகளின் பிறப்புப் பத்திரத்தில் தாய் என்ற இடத்தில் நீ இருக்கிறாய். வெலிமடைக்காரர்கள் வந்திருந்தால் உனக்கும் ஒன்று இருந்திருக்கும் என்று நினைப்பேன். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். போகும்போது என்னைப் பார்த்து, "எந்தப் புள்ள நீ?" என்று கேட்டாள். நினைவு தப்பிக் கேட்டாளோ, தெரிந்துதான் கேட்டாளோ.

போன வருஷம் என் வீட்டுக்காரர் நிழல் மரத்துக் கிளை வெட்டும்போது விழுந்து இடுப்பு போய்விட்டது. அவர் இனி எழுந்து நடக்க மாட்டார். மகள் படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். இந்த லயத்திலேயே அவளையும் விட்டுவிட முடியாது. அதனால்தான் நானும் போகலாம் என்று பார்த்தேன். உன் கேஸ் பழசு, அழிந்திருக்கும் என்று பக்கத்து லயத்தில் ஒருத்தி சொன்னாள். நம்பினேன். என் பெயரில் போயிருந்தால் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் செத்துப்போய்விட்டது. இரண்டு அட்டையிலும் உன் முகம்தான். என் முகம் ஒரு அட்டையிலும் இல்லை.

சரி, ஏஜென்சிக்காரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் நல்ல மனுசர். எனக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டார். "வேற யாரோ செஞ்சதுக்கு ஒங்களப் புடிச்சாங்களா? சும்மா பேருக்கு ஒத்துக்கிட்டீங்களா? நம்ம தோட்டத்து ஆளுங்க அப்படித்தானே செய்வாங்க" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டினாலும் ஒன்றும் நடந்திருக்காது. அந்த நாலு வரி மாறாது.

கீழேயிருந்து அந்த வாசம் இன்னும் வந்துகொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன். இந்தத் தடவை கிள்ள நீ பக்கத்தில் இல்லை.

"இல்லைங்க. நான்தாங்க செஞ்சேன்" என்றேன்.

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பஸ் ஏறி வந்தேன். வீட்டுக்கு வந்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாயின் பெயர் என்ற இடத்தில் உன் பெயரை அழகாக எழுதியிருந்தாள். "சரியா எழுதியிருக்கேனாம்மா?" என்று கேட்டாள்.

சரி என்றேன், அக்கா.

உன் தங்கை